ஆறு கூழாங்கற்கள்

நுழையும்முன்

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் வென்றவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. வெற்றியிலும் தோல்வியிலும் பங்கு கொள்ளாமல், திடலின் நடுவே வெண்ணிற மேலங்கியுடன் நாள் முழுவதும் நின்றவர்களை அது எளிதில் மறந்துவிடுகிறது. அவ்வாறு நின்றவர்களுள் தலைசிறந்தவர் என்று தம் காலத்தில் போற்றப்பட்ட கிரிக்கெட் நடுவர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் கிணத்துக்கடவு அமைந்துள்ளது. தக்காளிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர்; குன்றின்மேல் வேலாயுதசாமி கோயில் கொண்ட ஊர். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று தடையின்றி வீசும் இப்பகுதியில், நிலக்கடலை பிடுங்கி முடிந்த காடுகளும் உழவுக்குக் காத்திருக்கும் தரிசுகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் திடல்களாக மாறிவிடும். மட்டை இல்லாத சிறுவர்க்குத் தென்னைமட்டையே மட்டை. எல்லாம் கிடைத்துவிடும் அவ்விளையாட்டில், கிடைப்பதற்கு அரியவர் ஒருவர் உண்டு. அவர் நடுவர். நடுவராக நிற்க எவரும் விரும்புவதில்லை. மட்டை பிடிக்கும் அணியிலிருந்தே ஒருவரை நிறுத்துவர். அவர் தம் அணித்தோழரை ஆட்டமிழந்தார் என்று அறிவித்தால் நட்புக் கெடும். அறிவிக்காவிட்டால் எதிரணி சண்டைக்கு வரும். அவரிடம் உள்ள கருவியோ கையில் பொறுக்கி வைத்த ஆறு சிறு கற்கள் மட்டுமே. ஒரு பந்து வீசப்பட்டதும் ஒரு கல் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்லும்.

உலகப் புகழ்பெற்ற இலார்ட்ஸ் திடலிலும் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வாறே கற்களைக் கொண்டு பந்துகளை எண்ணினார். அவர் பெயர் பிராங்க் செஸ்டர். ஆனால், கற்களைக் கைமாற்ற அவருக்கு மறுகை இல்லை.

இளமையும் ஆட்டமும்

செஸ்டர், இங்கிலாந்து நாட்டில் இலண்டன் மாநகருக்கு அருகே ஹெர்ட்போர்டுஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த புஷி என்னும் ஊரில் 1895ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் பிறந்தார். கிரிக்கெட்டை வருவாய்க்குரிய தொழிலாகக் கொண்டு ஆடுவோரும், வருவாய் கருதாது பொழுதுபோக்காக ஆடும் செல்வக்குடியினரும் ஒரே அணியில் ஆடிய காலம் அது. இரு சாராருக்கும் தனித்தனி உடைமாற்றும் அறைகள் இருந்தன. திடலுக்குள் நுழையும் வாயில்கூடப் பல இடங்களில் வேறாக இருந்தது. அணித்தலைமை செல்வர்களுக்கே உரியதாயிருந்தது. செஸ்டர் தொழில்முறை ஆட்டக்காரர்.

1912ஆம் ஆண்டு, தம் பதினேழாம் வயதில், வொர்செஸ்டர்ஷயர் மாவட்ட அணிக்காக அவர் முதல்தர ஆட்டங்களில் இறங்கினார். மட்டை பிடித்தார்; வலக்கையால் மெதுவாகப் பந்து வீசினார். அடுத்த ஆண்டில் மூன்று சதங்கள் அடித்தார். அத்தனை இளம் வயதில் இத்தகைய தேர்ச்சியைக் காட்டியோர் கிரிக்கெட் வரலாற்றிலேயே மிகச் சிலர் என்று அக்காலத்துக் கிரிக்கெட் ஆண்டிதழ் வியந்து எழுதியது. 1914ஆம் ஆண்டில் எசெக்ஸ் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 178 ஓட்டங்கள் குவித்தார். அந்த ஆட்டத்தில் அவர் அடித்த ஆறுகளுள் நான்கு, ஜானி டக்ளஸ் என்னும் பந்துவீச்சாளருக்கு எதிராக அடிக்கப்பட்டவை. டக்ளஸ் எளிய எதிரி அல்லர். இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கியவர். 1908ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் குத்துச்சண்டைக்குத் தங்கப்பதக்கம் பெற்றவர். இந்த டக்ளசைச் செஸ்டர் மீண்டும் ஒருமுறை, முற்றிலும் வேறொரு நிலையில் நின்று சந்திக்க நேர்ந்தது.

இங்கிலாந்து அணியில் செஸ்டருக்கு இடம் உறுதி என்று பலரும் நம்பிய அவ்வேளையில் முதல் உலகப்போர் மூண்டது. பீரங்கிப் படையில் சேர்ந்த அவர், பிரான்சிலும் பின்னர்க் கிரேக்க நாட்டின் சலோனிக்காப் போர்முனையிலும் பணியாற்றினார். 1917ஆம் ஆண்டு சலோனிக்காவில் குண்டின் சிதறல் அவரது வலக்கையைத் தாக்கியது. புண் அழுகத் தொடங்கியது. உயிரைக் காக்க வேண்டுமானால் கையை நீக்கியே ஆகவேண்டும் என்ற நிலையில், முழங்கைக்குக் கீழே அக்கை வெட்டி எடுக்கப்பட்டது.

மட்டையும் பந்தும் பற்றிய கை அது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. முதல்தர ஆட்டங்களில் 1773 ஓட்டங்கள், 81 விக்கெட்டுகள் என்ற கணக்கோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

வெண்ணிற மேலங்கி

போருக்குப் பின் நடுவர் பணியை மேற்கொள்ளுமாறு செஸ்டரைத் தூண்டியவர் பெல்ஹாம் வார்னர். இங்கிலாந்து அணியின் முன்னாள் தலைவரான அவர் கிரிக்கெட் ஆட்சிக் குழுவில் செல்வாக்கு மிக்கவர். அவ்வறிவுரை அந்நாளில் வியப்பாகவே இருந்திருக்கும். நடுவர் பணி என்பது அப்போது, ஆடி ஓய்ந்த முதியவர்களுக்கு வழங்கப்படும் ஒருவகை ஆதரவு. கண் மங்கியவர்களும் காது மந்தமானவர்களும் கூட அப்பட்டியலில் இருந்தனர். மட்டையின் விளிம்பைப் பந்து உரசும் மெல்லிய ஓசையைக் கேட்டுத் தீர்ப்புக் கூற வேண்டிய பணிக்கு அவர்கள் எவ்வளவு பொருந்துவர் என்பதை எவரும் பெரிதாக எண்ணவில்லை.

1922ஆம் ஆண்டு, இருபத்தேழு வயதில், செஸ்டர் முதல்தர ஆட்டங்களின் நடுவர் பட்டியலில் இடம்பெற்றார். தம்முடைய தாயாரின் புஷி இல்லத் தோட்டத்திலிருந்து ஆறு கூழாங்கற்களைப் பொறுக்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு முதல் ஆட்டத்திற்குச் சென்றார். எஞ்சிய காலம் முழுவதும் அந்தக் கற்களைக் கொண்டே அவர் பந்துகளை எண்ணினார் என்பது கிரிக்கெட் உலகம் நன்கறிந்த செய்தி.

அந்த முதல் ஆட்டம் இலெய்ட்டன் என்னும் இடத்தில் நடைபெற்றது. ஆடிய அணிகள் எசெக்சும் சோமர்செட்டும். எசெக்ஸ் அணியின் தலைவர் ஜானி டக்ளஸ். சோமர்செட் அணியின் தலைவர் ஜான் டேனியல். இருவரும் ஆட்டமிழந்ததாக அறிவிக்க வேண்டிய பொறுப்பு, அந்த ஒரே ஆட்டத்தில் செஸ்டருக்கு வாய்த்தது. இரண்டு முறையும் அவர் தயங்காமல் விரலை உயர்த்தினார்.

இதன் கடுமையை விளங்கிக்கொள்ள அக்கால நடைமுறை ஒன்றை அறிதல் வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் மாவட்ட அணிகளின் தலைவர்களே நடுவர்களைப் பற்றிய மதிப்பீட்டை அறிக்கையாக அனுப்புவர். அவ்வறிக்கைகளைப் பார்த்தே அடுத்த ஆண்டுக்குரிய நடுவர் பட்டியல் அமையும். தீர்ப்புக்கு உட்படுபவரே தீர்ப்பளிப்பவரின் உணவை முடிவு செய்யும் ஏற்பாடு அது. அணித்தலைவர்களுக்கு எதிராக விரலை உயர்த்தாமல் இருப்பதே பிழைக்கும் வழி என்பது மூத்த நடுவர்கள் பலர் கற்றிருந்த பாடம். அன்று உடன் நின்ற முதிய நடுவர், செஸ்டர் தம் முடிவுக்குத் தாமே கையெழுத்திடுகிறார் என்று எச்சரித்தார். கெடுநோக்கில் கூறப்பட்டதன்று அவ்வெச்சரிக்கை. அம்முதியவர் தம் பட்டறிவைக் கூறினார், அவ்வளவே. ஒரு கையை இழந்து, வேறு தொழிலும் அறியாத இளைஞர் ஒருவருக்கு அதைவிட அஞ்சத்தக்க சொல் இருந்திருக்க முடியாது.

செஸ்டர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய பெயரும் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1924ஆம் ஆண்டு, இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் இலார்ட்சில் ஆடிய டெஸ்ட் போட்டிக்கு அவர் நடுவராக அமர்த்தப்பட்டார். அப்போட்டியில் இங்கிலாந்து இரண்டே விக்கெட்டுகளை இழந்து 531 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. விரலை உயர்த்தும் வேலை குறைவு. நிற்கும் வேலை மிகுதி. நடுவரின் வாழ்வில் பெரும்பகுதி இத்தகையதே.

நடுவரின் கலை

செஸ்டர் நின்ற முறையே புதுமையானது. பந்துவீச்சாளர் ஓடிவரும்போது அவர் இடுப்பை வளைத்துக் குனிந்து, ஸ்டம்புகளின் மேல் கிடக்கும் சிறு குச்சிகளின் உயரத்திற்குத் தம் முகத்தைக் கொண்டுவருவார். பந்து எந்த நேர்க்கோட்டில் வருகிறது, தரையில் பட்டபின் எவ்வளவு எழும்புகிறது என்பதை அந்த உயரத்திலிருந்து காண்பது எளிது. நாள் ஒன்றுக்கு நூறு ஓவருக்கும் மேல் வீசப்பட்ட காலத்தில், அதில் பாதிப் பந்துகளுக்கு இவ்வாறு குனிந்து நிமிர்வது எத்தகைய உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு பந்து பந்துவீச்சாளரின் கையிலிருந்து மட்டையாளரைச் சென்றடைய ஒரு நொடிகூட ஆவதில்லை. அதற்குள் நடுவர் காண வேண்டியவை பல. அந்நாளைய விதிப்படி, பந்துவீச்சாளரின் பின்னங்கால் கோட்டிற்குப் பின்னே இருக்கிறதா என்று முதலில் தரையைப் பார்க்க வேண்டும். உடனே பார்வையை உயர்த்திப் பந்தைப் பிடிக்க வேண்டும். அது விழுந்த இடம், திரும்பிய கோணம், மட்டையில் பட்டதா காலில் பட்டதா என்பது, மட்டையில் பட்டிருந்தால் கேட்கும் ஓசை ஆகிய அனைத்தும் ஒருங்கே மனத்தில் பதிய வேண்டும். இத்தனையும் பார்த்த பின்னரும் ஆட்டக்காரர்கள் கேட்டால் ஒழிய அவர் வாய் திறத்தல் கூடாது. தடுப்பாட்டக்காரர்கள் முறையிட்டுக் கேட்காவிடில், ஆட்டமிழப்பு எவ்வளவு தெளிவாக இருப்பினும் நடுவர் அறிவிக்க இயலாது என்பது கிரிக்கெட்டின் விதி. திரையில் மீண்டும் பார்க்கும் வசதியோ மூன்றாம் நடுவரோ அன்று இல்லை.

செஸ்டரின் காலத்தில்தான், காலால் பந்தைத் தடுத்து ஆட்டமிழக்கும் எல்.பி.டபிள்யூ விதி பெரிய மாற்றத்தைக் கண்டது. பந்து இரு முனை ஸ்டம்புகளுக்கும் இடைப்பட்ட நேர்ப்பாதையில் விழுந்திருந்தால் மட்டுமே ஆட்டமிழப்பு என்பது பழைய விதி. இதனைப் பயன்படுத்திக்கொண்ட மட்டையாளர்கள், வெளியே விழுந்து உள்ளே திரும்பும் பந்துகளை மட்டையால் ஆடாமல் கால்காப்பால் தள்ளிவிட்டு நிம்மதியாக நின்றனர். ஓட்டங்கள் மலைபோல் குவிந்தன, பந்துவீச்சாளர்கள் சோர்ந்தனர். 1935ஆம் ஆண்டு சோதனை முறையில் புதிய விதி வந்தது. மட்டையாளரின் வலப்புறத்தில், அதாவது மட்டை இருக்கும் பக்கத்தில், பந்து வெளியே விழுந்தாலும், அது ஸ்டம்புகளுக்கு நேராகக் காலில் பட்டு, தொடர்ந்து சென்றிருந்தால் ஸ்டம்பைத் தாக்கியிருக்கும் என்று நடுவர் கருதினால் ஆட்டமிழப்பு வழங்கலாம். இடக்கை மட்டையாளருக்கு இப்பக்கம் மாறிவரும். 1937ஆம் ஆண்டு இது நிலையான விதியாயிற்று. நடந்ததை மட்டும் கண்டு கூறிய நடுவர், இனி நடந்திருக்கக்கூடியதையும் கணித்துக் கூற வேண்டியவரானார். குனிந்து நின்று பந்தின் கோணத்தை அளந்த செஸ்டரின் முறை, இப்புதிய விதிக்கென்றே அமைந்தது போல் பொருந்தியது. நடுவர் பணி முதியோர்க்கான ஆதரவு என்ற நிலை மாறி, பயின்று தேர வேண்டிய தொழில் என்ற மதிப்பைப் பெற்றதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்தியக் கிரிக்கெட்டின் தொடக்கத்திலும் செஸ்டர் இருந்தார். 1932ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை இலார்ட்சில் ஆடியபோது நடுவர்களாக நின்றவர்கள் பிராங்க் செஸ்டரும் மூத்த ஜோ ஹார்ட்ஸ்டாபும் ஆவர். சி.கே. நாயுடு தலைமையிலான அணியின் வேகப்பந்து வீச்சாளர் முகமது நிசார், இங்கிலாந்தின் தொடக்க மட்டையாளர்கள் இருவரின் ஸ்டம்புகளையும் பெயர்த்தார். மலேயாவிலிருந்து வந்து இந்திய அணியில் இடம்பெற்ற லால்சிங் எறிந்த பந்தில் பிராங்க் வூல்லி ஓடி ஆட்டமிழந்தார். இங்கிலாந்து 19 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகளை இழந்து தடுமாறியது. முடிவில் இங்கிலாந்து 158 ஓட்டங்களில் வென்றது. ஆயினும், அடிமை நாட்டின் அணி என்று ஏளனமாகப் பார்க்க வந்தவர்களை அந்த முதல் காலை நேரம் நிமிர்ந்து உட்காரச் செய்தது.

விலகிய சொல்

இரண்டாம் உலகப்போரின் இடைவெளிக்குப் பின்னரும் செஸ்டர் பணியைத் தொடர்ந்தார். அவரே உலகின் தலைசிறந்த நடுவர் என்னும் கருத்து நிலைபெற்றிருந்தது. ஆஸ்திரேலியாவின் டொனால்டு பிராட்மனும் தாம் கண்ட நடுவர்களுள் செஸ்டரையே முதல்வராக மதித்தார். எனினும், அவரது பிற்காலம் முழுமையும் புகழ்மாலையாக அமையவில்லை.

1951ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்துக்கு வந்தது. அவ்வணியின் வேகப்பந்து வீச்சாளர் கியூவன் மெக்கார்த்தி, பந்தை வீசவில்லை, முழங்கையை மடக்கி எறிகிறார் என்ற ஐயம் செஸ்டருக்கு எழுந்தது. எறிவது விதிப்படி குற்றம். நடுவர் அதனை நோ பால் என்று அறிவிக்க வேண்டும். ஆனால், விருந்தினராக வந்த நாட்டின் டெஸ்ட் வீரர் ஒருவரை அவ்வாறு அறிவிப்பது அவருடைய ஆட்ட வாழ்வையே முடித்துவிடும். இரு நாடுகளுக்கும் இடையே கசப்பையும் ஏற்படுத்தும். செஸ்டர் ஆட்சிக் குழுவினரை அணுகினார். தாம் அறிவித்தால் தமக்குத் துணை நிற்பார்களா என்று கேட்டார். அவர் கேட்டவர்களுள் ஒருவர், அவரை இப்பணிக்கு அழைத்து வந்த அதே பெல்ஹாம் வார்னர். துணை கிடைக்காது என்பது தெளிவாயிற்று. செஸ்டர் திடலுக்குத் திரும்பினார். மெக்கார்த்தியின் பந்துவீச்சை அவர் தடுக்கவில்லை.

இருபத்தேழு வயதில் இரண்டு அணித்தலைவர்களுக்கு அஞ்சாதவர், உலகப்புகழ் பெற்ற ஐம்பத்தாறு வயதில் வாய்மூடி நின்றார். இதனைக் கோழைத்தனம் என்று எளிதில் தள்ளிவிடுதல் முறையாகாது. அவர் கேட்காமலே இருந்திருந்தால் எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும், கேட்டது பிழையே. ஐயம் உறுதியானால் அறிவிக்க வேண்டியது அவர் கடமை. அதற்கு எவரது இசைவும் விதியில் கோரப்படவில்லை. அடுத்த ஆண்டே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்காக மெக்கார்த்தி ஆடியபோது, பேடி காரல் என்ற மற்றொரு நடுவர் அவர் எறிவதாக அறிவித்துவிட்டார். செஸ்டரின் புகழில் பாதிகூட இல்லாதவர் காரல்.

பிற்காலத்தில் செஸ்டரை வயிற்றுப்புண் வாட்டியது. நாள் முழுவதும் வலியோடு நின்றார். பொறுமை குறைந்தது. கூட்டமாகக் குரலெழுப்பி முறையிடும் ஆஸ்திரேலியர்களின் வழக்கத்தை அவர் எப்போதுமே விரும்பியதில்லை. அந்த வெறுப்பு இப்போது முகத்திலும் தெரிந்தது. 1953ஆம் ஆண்டுத் தொடரில் அவருடைய முடிவுகள் சில தமக்கு எதிராகச் சாய்கின்றன என்று லிண்ட்சே ஹாசெட் தலைமையிலான ஆஸ்திரேலிய அணி கருதியது. ஓவல் திடலில் நடைபெற்ற ஐந்தாம் போட்டியில் செஸ்டர் நிற்கவில்லை. அவர் வேண்டுமென்றே ஒரு சார்பாக நடந்தார் என்று கருத இடமில்லை. ஆனால், வெறுப்பு தெரியும் முகத்திலிருந்து வரும் தீர்ப்பை, அது சரியாகவே இருந்தாலும், இழந்தவன் நம்ப மாட்டான். கிணத்துக்கடவுத் தரிசில் மட்டை பிடிக்கும் அணியின் நடுவரை எதிரணி நம்பாததும் இதனால்தான்.

ஆடும் நாட்டைச் சேர்ந்தவரே நடுவராக நிற்பதுதான் அன்று உலகெங்கும் வழக்கம். அது மாறப் பல ஆண்டுகள் ஆயின. 1986ஆம் ஆண்டு பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் இலாகூரில் ஆடிய டெஸ்ட் போட்டிக்கு இந்தியர்களான வி.கே. இராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் பொதுநாட்டு நடுவர்களாக அழைக்கப்பட்டனர். 1994 முதல் இருவருள் ஒருவரும், 2002 முதல் இருவருமே பொதுநாட்டினராக இருக்க வேண்டும் என்ற முறை ஏற்பட்டது. சென்னையைச் சேர்ந்த முன்னாள் இந்திய அணித்தலைவர் எஸ். வெங்கட்ராகவன் 73 டெஸ்ட் போட்டிகளில் நடுவராகப் பல நாட்டுத் திடல்களில் நின்றது இந்தப் புதிய காலத்தில்தான்.

இறுதி ஆண்டுகள்

உடல்நலம் இடந்தராமையால் 1955ஆம் ஆண்டுப் பருவத்தோடு செஸ்டர் ஓய்வு பெற்றார். அதுவரை அவர் நின்ற டெஸ்ட் போட்டிகள் 48. அந்த எண்ணிக்கையை வேறெவரும் எட்டாத நிலை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. பின்னர் அதே நாட்டைச் சேர்ந்த டிக்கி பேர்டு அதனைக் கடந்தார். 1956ஆம் ஆண்டு செஸ்டர் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். ஆட்டக்காரர்கள் நடுவரை நோக்கி எழுப்பும் முறையீட்டுச் சொல்லாகிய 'ஹவ்ஸ் தட்' என்பதையே அதற்குத் தலைப்பாக வைத்தார்.

மறு ஆண்டு, 1957 ஏப்ரல் 8ஆம் நாள், தம் அறுபத்திரண்டாம் வயதில், கூழாங்கற்களைப் பொறுக்கிய அதே புஷியில் அவர் மறைந்தார். இங்கிலாந்தில் அவ்வாண்டுக்குரிய கிரிக்கெட் பருவம் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன.